அறிவியல் முந்துகிறது, சட்டம் விழிக்கட்டும்!

ஜப்பானின் புகழ்பெற்ற கியோட்டோ பரிசு, 2025-ஆம் ஆண்டில் அடிப்படை அறிவியல் பிரிவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசிம் சுரானிக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், மனிதத் தோல் உயிரணுவின் உட்கருவைக் கொண்டு, கருவுறத்தக்க கருமுட்டைகளை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினர். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நாளை என்ன நடக்கக்கூடும் என்பதை இரண்டாவது செய்தி சொல்கிறது. அதில் ஏன் அவசரப்படக் கூடாது என்பதை முதலாவது செய்திக்குரியவரின் ஐம்பதாண்டு உழைப்பு சொல்கிறது.

சுரானி 1945-இல் கென்யாவின் கிசுமு நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ராபர்ட் எட்வர்ட்ஸின் மாணவராக முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1978-இல் பிறக்கக் காரணமானவர்களுள் ஒருவர் அந்த எட்வர்ட்ஸ். கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே எப்படி இணைப்பது என்பது ஆசிரியரின் கேள்வி. இணைவதற்கு இரண்டும் ஏன் தேவை என்பது மாணவரின் கேள்வி.

கேட்பதற்கு இது குழந்தைத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வருவது ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுப்புதான் என்றால், தாயின் தொகுப்பு இரண்டைச் சேர்த்தாலும் குழந்தை உருவாக வேண்டும் அல்லவா? 1984-இல் சுரானியும் அவருடைய குழுவினரும் சுண்டெலியில் இதைச் சோதித்தார்கள். தாய்வழித் தொகுப்பு மட்டும் இரண்டு கொண்ட கரு ஓரளவு வளர்ந்தது. ஆனால், அதற்கு ஊட்டமளிக்க வேண்டிய நச்சுக்கொடித் திசு வளர்ச்சி குன்றியது. தந்தைவழித் தொகுப்பு மட்டும் இரண்டு கொண்ட கருவில் நச்சுக்கொடித் திசு வளர்ந்தது, கரு வளரவில்லை. இரண்டுமே பிறப்பை எட்டவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் டாவர் சோல்டரும் ஜேம்ஸ் மெக்ராத்தும் தனியாக இதே முடிவுக்கு வந்தனர்.

இதன் பொருள் ஆழமானது. சில மரபணுக்கள், தாம் தாயிடமிருந்து வந்தவையா, தந்தையிடமிருந்து வந்தவையா என்பதற்கான முத்திரையைச் சுமந்து வருகின்றன. எழுத்து ஒன்றுதான், அதை வாசிக்கலாமா, மூடி வைக்கலாமா என்பதை முத்திரை முடிவு செய்கிறது. இந்த முத்திரை பிறழ்ந்தால் மனிதரில் நோய் வருகிறது. பதினைந்தாம் குரோமோசோமின் ஒரே பகுதியில் தந்தைவழிப் பங்கு செயலிழந்தால் பிராடர்-வில்லி குறைபாடு. தாய்வழிப் பங்கு செயலிழந்தால் முற்றிலும் வேறான ஏஞ்சல்மேன் குறைபாடு.

அப்படியானால் இந்த முத்திரை எங்கே இடப்படுகிறது? கருவின் தொடக்க நாள்களிலேயே, பிற்காலத்தில் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ மாறவிருக்கும் சில உயிரணுக்கள் தனியே ஒதுங்குகின்றன. அவற்றில் பழைய முத்திரைகள் அழிக்கப்பட்டு, பின்னர் புதியவை இடப்படுகின்றன. சுரானியின் பிற்கால ஆய்வு முழுவதும் இந்த உயிரணுக்களைப் பற்றியதே. மனிதக் கருவில் இவற்றை நேரில் காண்பது அரிது. ஆகவே 2015-இல் அவரது குழு, இஸ்ரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களிலிருந்து இவ்வகை உயிரணுக்களை ஆய்வகத்தில் உருவாக்கியது. எலியில் முதன்மைப் பங்கு வகிக்காத 'சாக்ஸ் 17' என்னும் மரபணுதான் மனிதரில் இதற்குத் திறவுகோல் என்பது அப்போது தெரியவந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவருடைய ஆய்வகத்தில் பயின்ற ஜப்பானிய அறிஞர்கள் மிட்டினோரி சைட்டோவும் கட்சுஹிகோ ஹயாஷியும் இப்பாதையில் மேலும் நடந்தனர். எலியின் குருத்தணுவிலிருந்து விந்தணுவும் கருமுட்டையும் உருவாகி, குட்டிகளும் பிறந்தன. 2023-இல் ஹயாஷியின் குழு, ஆண் எலியின் உயிரணுவிலிருந்தே கருமுட்டையை உருவாக்கியது. அச்செய்தி உலகெங்கும் தலைப்பாயிற்று. கருப்பையில் வைக்கப்பட்ட 630 கருக்களில் 7 மட்டுமே குட்டிகளாயின என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. ஓரிகன் ஆய்விலும் உருவான 82 கருமுட்டைகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே கருவுற்ற பின் ஆறாம் நாள் நிலையை எட்டின. அவற்றிலும் குரோமோசோம் கோளாறுகள் இருந்தன. எலியில் தோல்வி ஒரு புள்ளிவிவரம். மனிதரில் அது ஒரு தாயின் கருச்சிதைவு. அல்லது வாழ்நாள் முழுவதும் நோயுடன் வாழும் ஒரு குழந்தை.

இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் ஊர்களின் பேருந்து நிலையங்களில் தொங்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளே அதற்கு விடை. குழந்தையின்மைக்கான சிகிச்சை இன்று பெரும் வணிகம். அதன் இருண்ட பக்கத்தை 2022-இல் ஈரோட்டில் கண்டோம். பதினாறு வயதுச் சிறுமி ஒருவரின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டதை அறிந்து தமிழகம் அதிர்ந்தது. 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்ணே கருமுட்டை தர முடியும், வாழ்நாளில் ஒரே முறைதான், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கூறும் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

ஆய்வகக் கருமுட்டை வந்துவிட்டால் ஏழைப் பெண்களின் உடல் சுரண்டப்படுவது ஒழியும் என்று சிலர் வாதிடுகின்றனர். அந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். புற்றுநோய்ச் சிகிச்சையால் கருமுட்டைகளை இழந்த இளம்பெண்ணுக்கும் இது பெரும் நம்பிக்கையே. ஆனால், ஓரிகன் முறைக்கே வேறொரு பெண் தந்த, உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டை தேவைப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தேவை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடைக்காலத்தில் அது கூடவும் செய்யலாம்.

நமது 2021-ஆம் ஆண்டுச் சட்டம், விந்தணுவையோ கருமுட்டையையோ உடலுக்கு வெளியே கையாண்டு கருத்தரிக்கச் செய்யும் முறைகளைப் பற்றியே பேசுகிறது. அந்த விந்தணுவும் கருமுட்டையும் ஆய்வகத்தில் தோலிலிருந்து உருவானவையாக இருந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. பிரிட்டன் சட்டமோ, பெண்ணின் சினைப்பையில் உருவான அல்லது அதிலிருந்து எடுக்கப்பட்ட கருமுட்டையை மட்டுமே சிகிச்சைக்கு அனுமதிக்கிறது. அங்கே கதவு மூடியிருக்கிறது. திறப்பதானால் நாடாளுமன்றம் விவாதித்தே திறக்க வேண்டும். இங்கே கதவே பொருத்தப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு குருத்தணு ஆய்வு நெறிகள் பயனுள்ளவை. ஆனால், நெறிகள் சட்டமாகா.

சட்டத்தின் மௌனம் எத்தகைய சிக்கலைத் தரும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. இறந்துபோன மகனின் உறைநிலை விந்தணுவைக் கேட்டுப் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், தெளிவான சட்ட விதி இல்லாத நிலையில், 2024-இல் தில்லி உயர்நீதிமன்றமே வழி காண வேண்டியிருந்தது. ஒரு துளி தோலிலிருந்தே கருமுட்டை உருவாகும் காலத்தில், யாருடைய ஒப்புதலைக் கேட்பது? நூற்றுக்கணக்கில் கருக்களை உருவாக்கி அவற்றில் 'சிறந்ததை'ப் பொறுக்கும் வசதி, பெண் சிசுவைக் கருவிலேயே அழித்த சமூகத்தின் கையில் கிடைத்தால் என்னவாகும்?

பிரிட்டனில் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்த நான்கு ஆண்டுகளில், மேரி வார்னாக் என்னும் தத்துவ அறிஞர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1984-இல் அறிக்கை வந்தது, 1990-இல் சட்டமானது. அதே 1978-இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. அவரை அரசு நம்பவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் சட்டம் வர 43 ஆண்டுகள் ஆயின. அறிவியலாளரைப் புறக்கணித்ததும் நாம்தான். வணிகத்தைக் கட்டுப்பாடின்றி வளரவிட்டதும் நாம்தான்.

இம்முறையாவது நாம் முந்திக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் உருவாகும் கருமுட்டை, விந்தணு ஆகியவற்றைச் சட்டத்தில் வரையறுத்து, பாதுகாப்பு உறுதியாகும்வரை சிகிச்சைக்குத் தடை விதிக்க வேண்டும். அதேவேளையில் ஆய்வுக்குத் தடை கூடாது. மும்பையின் தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம், வேலூரின் குருத்தணு ஆய்வு மையம் போன்றவற்றுக்கு நீண்டகால நிதி உறுதி செய்யப்பட வேண்டும். அறிவியலாளர்கள், சட்ட அறிஞர்கள், மகளிர் அமைப்புகள், குழந்தையின்மையால் வருந்துவோர் ஆகியோர் இடம்பெறும் குழு ஒன்றை மத்திய அரசு அமைக்க வேண்டும்.

இரண்டு தாய்வழித் தொகுப்புகள் சேர்ந்தால் ஏன் குழந்தை பிறப்பதில்லை என்று 1984-இல் கேட்டவருக்கு, அக்கேள்வி நாற்பதாண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றங்களின் வாசலில் வந்து நிற்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு இன்று தெரியும். தெரிந்த பின்னும் காத்திருப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.