கச்சால் தீவின் கணக்கு



நம் மன்ற மேடையிலே ‘மாநக்கவாரம்’ என்ற சொல் ஒலித்துவிட்டால் போதும், மண்டபம் அதிரக் கையொலி எழுகிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலே இடம் பெற்ற பெயர் அது. நானும் கை தட்டியவன்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்த நக்கவாரத் தீவுகளில் ஒன்றான கச்சாலிலே என் அப்பாயி முப்பதாண்டுக் காலம் ரப்பர்ப் பால் வெட்டினார் என்று சென்ற திங்கள் ஒரு நண்பரிடம் சொன்னேன். “அங்கே தமிழர் எப்படிப் போனார்கள், சோழர் காலத்திலா?” என்று கேட்டார் அவர். வேடிக்கைக்குக் கேட்கவில்லை; மெய்யாகவே கேட்டார்!

எப்படிப் போனார்கள்? 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிரிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கைத் தோட்டங்களிலே குடியுரிமையின்றி நின்ற தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தீர்ந்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். சொத்தைப் பங்கிடும்போதுகூடப் பங்காளிகள் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். இங்கே பங்கானவர்களை யார் கேட்டார்கள்?

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிலே காத்துக் கிடந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைக்குப் போயினர். சில குடும்பங்களை மீண்டும் கப்பலேற்றினார்கள். கச்சாலிலே அரசு காட்டை அழித்து ரப்பர் வைத்திருந்தது. பால் வெட்டிப் பழகிய கைகள் தேவைப்பட்டன. களுத்துறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த அப்பாயிக்கு அந்தக் கை இருந்தது. தாத்தாவுக்கும் இருந்தது. எங்கள் குடும்பம் தீவுக் குடும்பமானது இந்தக் கையினால்தான். எந்தச் சோழன் வாளினாலும் அல்ல.

அப்பாயி சொல்லும் கச்சால், புத்தகத்திலே கிடைக்காத கச்சால். விடியுமுன் விளக்கோடு மரத்துக்குப் போவது, மழை பிடித்துக்கொண்டால் சிரட்டையிலே பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்பது, கப்பல் வராத வாரத்திலே அரிசிக்குப் பதில் எதைத் தின்பது என்று தெரியாமல் விழிப்பது! அப்படி ஒரு வாரத்திலே நிக்கோபாரிக்காரம்மா ஒருவர் தாழம்பழத்தை வேகவைத்துப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாராம். பேச ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. “வச்சிட்டுச் சிரிச்சா, நானும் சிரிச்சேன்” என்பதோடு அந்தக் கதையை அப்பாயி முடித்துவிடுவார். நான் முடிக்க மாட்டேன். அது அந்த அம்மாளின் தீவு. பழங்குடியினர் நிலத்தைக் காக்க 1956இலேயே சட்டவிதி வந்திருந்தது. ஆயினும் எங்களுக்கென்று அழிக்கப்பட்ட காடு அவர்களுடையதே. நம் வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும். கையொலி கிடைக்காவிட்டாலும் சரி.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. 2001 கணக்கெடுப்பிலே ஐயாயிரத்துக்கு மேலிருந்த கச்சாலின் மக்கள்தொகை, 2011இலே மூவாயிரத்துக்கும் கீழே நின்றது. எங்கள் வீட்டார் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். தகரப் பெட்டி பிழைக்கவில்லை. முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இலங்கைத் தோட்டத்துப் பற்றுச்சீட்டு, தாத்தா தலைப்பாகையோடு நின்ற ஒரே படம் எல்லாம் அதற்குள்ளே. பிறகு, பெயர் எழுத வந்த ஒருவர் அப்பாயியைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றாராம். களுத்துறையா, மண்டபமா, கச்சாலா? அப்பாயி வாய் திறக்கவில்லை. “எழுதுறவருக்கு ஒரு கோடுதான் இருந்துச்சு, எனக்கு மூணு ஊரு” என்று இன்றைக்கும் சொல்வார்.

இனி, நார்வேக்காரர் கதையைக் கேளுங்கள். 1825 ஜூலை 4இல் ஸ்டவாங்கர் துறையிலிருந்து ‘ரெஸ்டோரேஷன்’ என்ற சிறு பாய்க்கப்பலில் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள்; வழியிலே குழந்தை பிறக்க, 53 பேராய் அக்டோபர் 9இல் நியூயார்க் சேர்ந்தார்கள். அந்தக் குழந்தைவரையிலே கணக்கு இருக்கிறது! அவர்கள் வழியில் வந்தவர்கள் அயோவாவிலே, லூதர் கல்லூரியிலே, 1877இலேயே காட்சிச்சாலைக்குப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். நூறாண்டு நிறைந்த 1925இலே மினசோட்டாவிலே, செயின்ட் ஓலாஃப் கல்லூரியிலே, நார்வீஜிய அமெரிக்க வரலாற்றுக் கழகம் எழுந்தது. ஊருக்கு எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் தேடி அச்சேற்றினார்கள். இரண்டும் கல்லூரிகளிலே நடந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால், அவர்கள் நூறாண்டு பொறுத்திருக்க முடிந்தது. காரணம், கடிதம் இருந்தது. நம்மவரில் பலருக்குக் கைநாட்டுத்தான். அவர்கள் எழுதி வைக்காததை நாம் செவியாலேதான் வாங்க வேண்டும். செவிக்குக் காலக்கெடு உண்டு. தாத்தா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. கச்சாலுக்குப் போன முதல் கப்பலின் பெயரை அவர்தான் அறிவார். நான் கேட்கவில்லை. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்!

“இதெல்லாம் அரசின் வேலை” என்பர் சிலர். அரசு சிற்றறைச் சிறையை 1979இல் தேசிய நினைவகமாக்கியது, நன்று. 2024இல் போர்ட் பிளேரைச் சிறீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. அதற்கும் சோழர் பெயரே துணைக்கு வந்தது. கைதிக்கு நினைவகம் உண்டு, மன்னனுக்குப் பெயர்ப்பலகை உண்டு. கூலிக்கு? கச்சால் தோட்டத்தை நடத்திய வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட 2017இல் நடுவண் அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் கூலிப் பேரேடுகளிலே எங்கள் தாத்தாக்களின் பெயர்கள் நாள்தோறும் எழுதப்பட்டன. அந்தப் பேரேடுகளைக் கேட்டு நம் மன்றம் ஒரு விண்ணப்பம் எழுதலாகாதா?

2011 கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களின் பிள்ளைகள் நம் விடுதியிலேயே நால்வர் இருக்கிறோம். நால்வர் வீட்டிலும் ஒரு கிழவியோ கிழவனோ உண்டு. நால்வர் சட்டைப் பையிலும் பேச்சைப் பதிகிற கைப்பேசி உண்டு. ஆளுக்கு ஒரு மணி நேரம் பதிந்து வந்தால், நூலகத்திலே ஒரு நிலையடுக்கு கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடும்.

மே மாதம் சென்னையிலிருந்து நான் கப்பலேறுகிறேன். அப்பாயிக்குக் காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை. முதல் கேள்வியைக் குறித்துவிட்டேன்: தாழம்பழம் கொடுத்தவரின் பெயர் என்ன?