நாற்பதுக்குப் பின் ஓய்வா?

நாற்பது பிராயத்தைக் கடந்த ஒருவருக்கு மாடிப்படி ஏறுகையில் சற்றே மூச்சு வாங்கிவிட்டால் போதும், வீட்டாரும் அயலாரும் ஒருமுகமாக உபதேசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்: "வயசாச்சு, இனி உடம்பை அலட்டிக்காதீங்க." இந்த உபதேசத்தில் அன்பு இருக்கிறது, உண்மைதான் இல்லை. நடுவயதில் தேகம் தளர்வது விதி, அதற்கு ஓய்வே பரிகாரம் என்னும் இந்த நம்பிக்கை, கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட காரணத்தினாலேயே எவ்வித விசாரணைக்கும் உட்படாமல் பிழைத்து வருகிறது.

விசாரித்துப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய ஆரோக்கியமான வாலிபர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி, கடும் உழைப்பின்போது அவர்களுடைய தேகம் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பதை, படுக்கைக்கு முன்னும் பின்னும் மருத்துவர்கள் அளந்து வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் சென்று, அந்த ஐவரும் உடல் பருத்து ஐம்பதை எட்டியிருந்த காலத்தில் மறுபடியும் அளந்தபோது, முப்பது ஆண்டு மூப்பு பறித்துக்கொண்ட திறனைக் காட்டிலும், அன்று மூன்று வாரப் படுக்கை பறித்துக்கொண்டதே அதிகம் என்று தெரியவந்தது. அதன்பின் ஆறு மாத காலம் நடையும் மெதுவோட்டமும் சைக்கிள் மிதிப்பதுமாகப் படிப்படியாகப் பயிற்சி கொடுக்கவே, படுக்கைக்கு முந்திய வாலிபத்தின் அளவுக்கே அந்தத் திறன் மீண்டு வந்தது.

ஐந்து பேரைக் கொண்டு உலகத்துக்கு நியாயம் வகுக்கலாமா என்று கேட்பவர்கள் லண்டனுக்கு வரட்டும். அந்நகரின் போக்குவரத்துத் தொழிலாளருள் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆடவரை ஆராய்ந்து, ஜெரி மோரிஸும் அவருடைய சகாக்களும் 1953-இல் வெளியிட்ட முடிவு இது: நாள் முழுவதும் உட்கார்ந்தபடியே வண்டியோட்டும் டிரைவரைவிட, இரண்டடுக்குப் பஸ்ஸின் படிகளில் ஓயாமல் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டருக்கு இருதய நோய் குறைவு. டிரைவர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனானவர்கள் என்பதையும் சீருடை அளவுகளைக் கொண்டு மோரிஸே பின்னர் எடுத்துக்காட்டினார். தம் கட்சிக்குத் தாமே எதிர்வாதம் தேடும் அத்தகைய நேர்மை நம் உபதேசிகளிடம் இருந்தால் எவ்வளவோ நன்று! ஆயினும் தெருத்தெருவாக அலையும் தபால்காரரை நாற்காலிக் குமாஸ்தாவோடு ஒப்பிட்டபோதும் முடிவு மாறவில்லை.

மனத்தைப் பற்றிய பேச்சு இதைவிடப் பரிதாபகரமானது. மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்ணொருத்தி, தூக்கமின்றி, திடீர் திடீரென உடல் கொதித்து, காரணம் புலப்படாத துக்கத்தில் அமிழ்ந்து கிடந்தால், "இந்த வயசுல அப்படித்தான்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறோம். எரிந்து விழும் கணவனையோ நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்று சிரித்துத் தள்ளுகிறோம். சிகிச்சையால் தீரக்கூடிய மனச்சோர்வு இவ்விதம் வயதின் பெயரால் மறைந்து வளர்கிறது. இதிலே விபரீதம் ஒன்றுண்டு: அந்தப் பருவத்தில்தான் பெண்ணின் எலும்பு விரைந்து தேய்கிறது, எலும்பு உரம் பெறுவதோ பாரம் ஏற்கும் உழைப்பினால், நாமோ அப்போது பார்த்துத்தான் அவள் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்கிறோம்.

கட்டடம் கட்டுமிடத்தில் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு ஐம்பது வயதானாலும் இந்த உபதேசத்தை எவரும் செய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓய்வு உண்மையிலேயே மருந்தாக வேண்டியது அவளுக்குத்தான். வேண்டியவருக்குக் கிடைக்காமல், வேண்டாதவருக்கு வலிந்து ஊட்டப்படும் மருந்து இது.

உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவரே மாரடைப்பால் மாண்டார் என்று பத்திரிகைச் செய்தியை நீட்டுவோர் உண்டு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளாமல், பல்லாண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் பயில்வானாக முயல்வது அபாயம்தான். அதற்குப் பரிகாரம் மருத்துவரைக் கலந்து மெல்லத் தொடங்குவதேயன்றி, தொடங்காமலே இருந்துவிடுவதன்று. நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ, அதையும் வயதின் கணக்கில் எழுதி ஓய்வெடுத்துக் கிடக்காமல், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோரிடம் மெய்யான பரிவுள்ள மக்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே: கடைக்கு நடந்து போய் வருகிறேன் என்று தகப்பனார் பையை எடுத்தால், வண்டிச் சாவியைத் தேடாதீர்கள், நேரமிருந்தால் கூட நடந்து போய் வாருங்கள்.