வீட்டில் மெமோ கொடுப்பது யார்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, விஜயநகர் யோக நரசிம்மர் கோயிலில் தரிசனம் முடித்துத் திரும்பும்போது நம் சங்கத்து அன்பர் ஒருவரைச் சந்தித்தேன். "சார், முழு உடல் பரிசோதனை என்று எங்கு பார்த்தாலும் விளம்பரம் செய்கிறார்களே, உடம்பு நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? வீண் பயம்தானே?" என்று கேட்டார். நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கீமேன் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருவார். ஆனால் இரும்பின் உள்ளே விழுந்த விரிசல் அவர் கண்ணுக்கும் தெரியாது. அதன்மேல் வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அந்த விரிசலைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிச் சென்று சோதிப்பார்கள். வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று யாரும் அந்தச் சோதனையை நிறுத்துவதில்லை.

தண்டவாளத்துக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் அப்படி ஒரு விதி உண்டு. வண்டி ஓட்டுபவர்களும், என்னைப் போல டிராலியில் சென்று வேலை பார்ப்பவர்களும் 45 வயது வரை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் 55 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பிறகு ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி வந்தால் கையில் மெமோ வந்துவிடும். போகாமல் தப்ப முடியாது. 47ஆம் வயதில் அப்படிப் போனபோது எனக்கு இரத்த அழுத்தம் 160/100 என்றார் டாக்டர். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் எனக்கு இருந்ததில்லை. மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் இறங்கிய பிறகுதான் ஃபிட் சர்டிபிகேட் கிடைத்தது. அன்று மெமோ வந்திராவிட்டால் நானாகப் போயிருக்க மாட்டேன்.

இனி என் வீட்டுக் கதை. நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு என் மனைவி, "ஊசியில் நூல் கோக்க முடியலைங்க, கண்ணாடி மாத்தணும்" என்றாள். கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, முதலில் இரத்தத்தில் சர்க்கரை பார்த்து வரச் சொன்னார். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாகவே இருந்து, கண்ணின் உள் நரம்புகளைத் தாக்கியிருக்கிறது. பார்வை ஓரளவு காப்பாற்றப்பட்டது. போனது திரும்பவில்லை. எங்கள் மருத்துவ அட்டையில் அவள் பெயரும் அத்தனை வருஷமும் இருந்தது. ஆனால் அவளுக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை. "எனக்கென்னங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். நானும் அதை நம்பினேன். இதில் பிழை என்னுடையதுதான்.

நம் குடும்பங்களில் ஆண்களுக்கு வேலை இடத்தில் ஏதோ ஒரு சோதனை நடந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் பார்க்கிறார்கள். விடுபட்டுப் போவது வீட்டில் இருக்கும் பெண்கள்தான்.

அழைத்துச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எளிய சோதனை நடந்தது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் தடவினால், மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வரவில்லை. அப்படியும், ஒரே ஒரு முறை சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்த நோயால் ஏற்பட்ட இறப்பு மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

அன்பர் கேட்ட செலவு விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் வரும் நீண்ட பட்டியல் எல்லாம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. வயதுக்கு ஏற்றதைச் செய்தால் போதும். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் காது சோதனை. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். இதற்கான அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமே நம் பக்கத்தில் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. பள்ளி வயதில் கண்ணும் பல்லும். 30 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வாய்ப் புற்றுநோய்க்கும், பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் சோதனை. 30 வயதுக்கு மேற்பட்டோருக்கான இந்தச் சோதனைகள் அரசுத் திட்டத்திலேயே உள்ளவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 60க்குப் பின் கண்புரை, கண் நீர் அழுத்தம், காது, எலும்பு ஆகியவற்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. விரிசல் கண்ட தண்டவாளத்தில் பெயிண்டால் குறியிட்டுவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. அதை மாற்றவும் வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கி பீரோவில் வைப்பதும் அப்படித்தான்.

நம்மவர் வீடுகளில் இன்னொரு தடையும் உண்டு. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் தாய்மார்களுக்குக் கன்னடம் தெரியாது. இத்தகைய சோதனைகளை மகனிடம் சொல்லவும் கூச்சம். இரண்டு மொழியும் தெரிந்த சங்கத்துச் சகோதரிகள் நாலைந்து பேர் மாதம் ஒரு நாள் அவர்களுடன் துணைக்குப் போனால் என்ன? நம் நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம். காலண்டரில் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர்கள் சொல்வார்கள். சொன்னாலும் அழைத்துக்கொண்டு போங்கள்.