கையொப்பத்துக்கு முன் ஒரு வெள்ளைத்தாள்

வீடு வாங்கி விற்ற அனுபவம் உள்ளவர்கள் தரகரைப் பாராட்டும்போது "பொறுமையானவர், இனிமையாகப் பேசுவார்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை, பெங்களூருவில் என் அக்கா ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியபோதுதான் உணர்ந்தேன்.

விற்றவர் எழுபதைக் கடந்த கன்னடப் பெண்மணி. கணவர் இறந்தபின் மகளுடன் வசிப்பதற்காக வீட்டை விற்க முன்வந்தவர். விலை 80 லட்சம் ரூபாய். கிரயப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டுமே. சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பணத்தையும் வங்கி வரைவோலையையும் அவர் தம் மனக்கணக்கில் கூட்டிப் பார்த்தார். 79,20,000 ரூபாய்தான் வந்தது. "பேசியது ஒன்று, கொடுப்பது ஒன்றா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தவறு ஏதும் நடக்கவில்லை. 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர், விலையில் 1 சதவீதத்தை விற்பவரின் வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது விதி. அந்த 80,000 ரூபாய் விற்பவரின் வரிக்கணக்கில் வரவாகும். அதை யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை என்பதே சிக்கல்.

எங்கள் தரப்புத் தரகர் மிக மென்மையாகப் பேசினார். "எல்லாம் சட்டப்படிதான் அம்மா. கையெழுத்துப் போடுங்கள், நேரம் போகிறது." குரலில் துளியும் கடுமை இல்லை. அவர் தரப்புத் தரகரோ அதிகம் பேசாதவர். ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, விலை, பிடித்தம், மீதி என மூன்று வரிகளைக் கன்னடத்தில் எழுதினார். "இதை முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் வேலை" என்றார். பிறகு மகளைத் தொலைபேசியில் அழைத்து அவரிடமும் விளக்கினார். "மகளோடு கலந்து பேசிவிட்டு வாருங்கள், இன்றே முடிக்க வேண்டும் என்றில்லை" என்று சொல்லித் தாளை அவர் கையில் கொடுத்தார். எங்கள் முறை தவறிப்போனது.

அன்று எங்களுக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அக்கா விடுப்பு எடுத்திருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளும் குறித்தாகிவிட்டது. தொழில் தெரிந்தவர் எங்கள் தரகரே, மற்றவர் காரியத்தைக் கெடுப்பவர் என்றே நானும் நினைத்தேன். அந்த மதிப்பீடு தலைகீழானது என்பது பின்னர்தான் புரிந்தது.

மொழியியல் மாணவர்கள் பிரவுன், லெவின்சன் இருவரின் பணிவுக் கோட்பாட்டை அறிவார்கள். 1978இல் முதலில் வெளிவந்து 1987இல் தனி நூலான அந்த ஆய்வின் மூன்று முதன்மை மொழிகளுள் தமிழும் ஒன்று. எதிரிலிருப்பவரின் 'முகத்தை'க் காப்பதே பணிவு என்பது அதன் மையக்கருத்து. எங்கள் தரகர் அந்தப் பெண்மணியின் முகத்தைக் காத்தார். அவருடைய ஐயத்தை அப்படியே விட்டுவிட்டார். இனிய சொல் அங்கே அவசரத்தின் கருவியாக இருந்தது. மற்றவரின் பொறுமை குரலில் வெளிப்படவில்லை. தமக்கு இழப்பு நேரக்கூடும் என்று தெரிந்தும் அவர் கொடுத்த கால அவகாசத்தில் வெளிப்பட்டது.

அந்த அவசரம் சட்டம் விதித்ததும் அன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கையொப்பமிட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர 4 மாதங்கள் தருகிறது. அவசரம் எங்கள் விடுப்பிலிருந்தும், கடன் ஏற்பாட்டிலிருந்தும், தரகுத்தொகையிலிருந்தும் பிறந்தது. தரகுத்தொகை பெரும்பாலும் பதிவு முடிந்தபின்தான் முழுமையாகக் கைக்கு வருகிறது. பதிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் பேரம் முறியலாம் என்ற அச்சம் தரகருக்கு உண்டு. பொறுமைக்குத் தண்டனையும் அவசரத்துக்கு ஊதியமும் தரும் அமைப்பில், பொறுமையைத் தனிமனிதரின் நற்குணமாக மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

பதிவு அலுவலர், வந்திருப்பவர் இன்னார்தானா, கையொப்பம் அவருடையதுதானா என்று உறுதிசெய்வார். பத்திரத்தின் பொருளை விற்பவருக்கு விளங்கவைப்பது அவர் பணியன்று. 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க உதவுவதை அவர்களின் கடமையாக்குகிறது. ஆனால் அச்சட்டத்தின் பார்வை புதிய கட்டுமானத் திட்டங்களின் மீதே உள்ளது. ஒருவர் குடியிருந்த வீட்டை மற்றொருவர் வாங்கும் இத்தகைய விற்பனைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. மகாராட்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்க ஆணையிட்டது வரவேற்கத்தக்கது. ஆவணத்தைக் கையில் கொடுப்பது வேறு, அதை விளங்கவைப்பது வேறு என்பதும் அத்தகைய பயிற்சியில் பாடமாக வேண்டும்.

வங்கியும் வழக்குரைஞரும் அரசும் செய்யாததைத் தரகர் தலையில் மட்டும் சுமத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனினும் மாதக்கணக்கில் இரு தரப்பையும் அறிந்து, இருவர் மொழியிலும் பேசக்கூடியவராக அந்த அறையில் இருப்பவர் பெரும்பாலும் அவர் ஒருவரே. எனவே இரண்டு நடைமுறைகளை முன்வைக்கிறேன். பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்பே, விலை, பிடித்தம், நிலுவை, கைக்கு வரும் தொகை ஆகியவற்றை விற்பவரும் வாங்குபவரும் தத்தம் மொழியில் ஒரே தாளில் பெற வேண்டும். இந்த உழைப்புக்கான கூலியை, பதிவு நடக்கும் நாளோடு பிணைக்காமல் தனியே தர வேண்டும். நாளை விரட்டும் தேவை குறைந்தால், பொறுமை காப்பது தரகருக்கும் எளிதாகும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்மணி மகளுடன் வந்தார். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, வரைவோலையின் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பின்னர் கன்னடத்தில் கையொப்பமிட்டார். "போடுங்கள்" என்று அன்று யாரும் சொல்லவில்லை.