திறந்துவிடச் சொல்கிறீர்கள், எங்கே?

உயிரியல் பூங்கா என்றாலே சிறை, உள்ளே இருப்பவற்றையெல்லாம் காட்டில் விட்டுவிடுவதுதான் கருணை என்ற பேச்சு படித்தவர்கள் நடுவே வேரூன்றிவிட்டது. யானையை மனத்தில் வைத்துச் சொன்னால் நானும் உடன்நிற்பேன். அழிவின் விளிம்பில் இருக்கும் தேரைக்கும் முதலைக்கும் அதையே நீட்டுவது அறியாமை. அந்த அறியாமைக்கு விலை ஓர் இனத்தின் உயிர்.

தான்சானியாவில் கிஹன்சி ஆறு அருவியாக விழும் பள்ளத்தாக்கில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தேரை வாழ்ந்தது. வளர்ந்ததே இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். முட்டையிடாமல் குட்டி போடும். அருவிச் சாரலில் ஆண்டு முழுவதும் நனைந்திருந்த சில ஏக்கர் நிலம்தான் அதன் மொத்த உலகம். அப்படியொன்று இருப்பது ஆய்வாளர்களுக்குத் தெரியவந்ததே 1996இல். நாலே ஆண்டுகளில் மேலே அணை வந்து, ஆற்றுநீரில் சுமார் 90 சதவீதம் மின்சாரத்துக்குத் திரும்பியது. சாரல் நின்றுபோனது.

2000இல் 499 தேரைகளைப் பிடித்து நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளத்தாக்கில் மிஞ்சியவற்றுக்குக் குழாய் போட்டுச் செயற்கைத் தூறல் விட்டுப் பார்த்தார்கள். கைட்ரிட் பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. 2009இல் அது காட்டில் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டிக்குள்ளும் அவை சுலபமாகப் பிழைக்கவில்லை. 2004 கடைசியில் எழுபதுகூட மிஞ்சவில்லை. ஈரம், ஒளி, இரை என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டுதான் பிராங்ஸிலும் டொலிடோ உயிரியல் பூங்காவிலும் பராமரிப்பாளர்கள் அவற்றைப் பெருக்கினார்கள். 2012இல் தேரைகள் கிஹன்சிக்கே திரும்பின. நடுவில் எந்த ஆண்டிலாவது யாராவது கருணை கொண்டு தொட்டியைத் திறந்திருந்தால், உலகத்தில் அந்த உயிரே இருந்திருக்காது.

நம் ஊருக்கு வருவோம். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையின் சுவரோரம் நின்றால் தவறாமல் ஒரு குரல் கேட்கும்: “பாவம், அசையாமயே கெடக்குது பாரு.” கொஞ்ச நேரத்தில் அசைத்துப் பார்க்க ஒரு கல் விழும். வெயிலில் வாய் பிளந்து கிடக்கும் முதலை, உடல் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. ஊர்வனவற்றுக்கு உடற்சூடு வெளியிலிருந்து வருவது. வீணாக அலையாமல் வலுவைச் சேமிப்பதே அவற்றின் வாழ்க்கை முறை. ஆற்றங்கரையிலும் மணிக்கணக்கில் அப்படித்தான் கிடக்கும். நம் சலிப்பை அதன் துயரமாகப் படித்துவிட்டு, அந்தத் துயரத்துக்காகக் கண்ணீரும் விடுகிறோம்.

அதே பண்ணையில் ஒல்லியான நீண்ட மூக்கும், வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம் கவிழ்த்ததுபோல் ஒரு புடைப்புமாகத் தெரிகிறதே, அது கரியல். 1970களில் இந்திய ஆறுகளில் அது ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டிருந்தது. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் துணைக்கு ஆண் கிடைக்காமல், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் உயிரியல் பூங்காவிலிருந்து வரவழைத்தார்கள். 1980இல் அங்கே குஞ்சு பொரித்தது. ஆற்றங்கரை முட்டைகளை எடுத்துவந்து, பொரித்து, வளர்த்து, சம்பல் ஆற்றில் விட்டவை ஆயிரக்கணக்கில்.

தவறே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஜெர்சி உயிரியல் பூங்காவில் வளர்த்து மயோர்கா தீவில் விட்ட தேரைகளோடு கைட்ரிட் பூஞ்சையும் சேர்ந்தே போய்விட்டது. பெரிய தவறு. தனிமைப்படுத்தலையும் பரிசோதனையையும் இறுக்கச் சொல்ல அது காரணம். வளர்ப்பதையே நிறுத்தச் சொல்ல அல்ல. காட்சிக்காக மட்டும் மலைப்பாம்பைச் சிமெண்ட் தொட்டியில் போட்டு வைக்கும் இடங்களை மூடச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கரியலை விடுவிக்கக் கோருகிறவர்கள் முதலில் சம்பல் கரைக்குப் போகட்டும். அது முட்டையிடும் மணல் திட்டுகளைக் கள்ளத்தனமாக அள்ளுகிறார்கள். மீனவர் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிறது. 2007 கடைசியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அந்த ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியல்கள் செத்து ஒதுங்கின. பூங்கா வாசலில் பிடிக்கும் பதாகையை, மணல் லாரிகள் இறங்கும் அந்தத் துறைகளில் பிடியுங்கள்.