வடகிழக்குப் பருவக்காற்றும் பேராக்கின் வறண்ட காலைகளும்

சைபீரியாவின் குளிர்கால உயரழுத்தத்திலிருந்து புறப்படும் வறண்ட காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏற்றுக்கொண்டு ஹொன்ஷு தீவின் மேற்குக் கரையில் பெரும்பனியாகக் கொட்டுகிறது. நடு மலைகளைத் தாண்டியபின் ஈரமிழந்து, தோக்கியோவுக்குத் தெளிந்த வானத்தையே விட்டுவைக்கிறது. அதே குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாகத் தெற்கே பாயும்போது (வானிலையாளர் இதைக் குளிர்காற்று எழுச்சி என்பர்) மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானிலும் திரங்கானுவிலும் பெருமழையாகிறது. தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே அமைந்த பேராக்கின் ஈப்போவிலோ சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஒப்பளவில் மழை குறைந்தவையாகவே கழிகின்றன. ஆகவே 'வடகிழக்குப் பருவமழை' என்று நாடு முழுவதற்கும் வழங்கும் பெயர் கிழக்குக் கரையின் அனுபவத்தையே சொல்கிறது. பேராக்கின் பெருமழை, காற்று திசைமாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையாக வருகிறது.

மலை எப்போதும் காக்கும் என்பதும் இல்லை. 2014 டிசம்பர் வெள்ளம் பேராக்கையும் தொட்டது. 2021 டிசம்பரில் தீபகற்பத்தைக் கடந்த தாழ்வழுத்தம் மேற்குக் கரையின் சிலாங்கூரை மூழ்கடித்தது.

பேராக் மாநிலத்துக்குள்ளேயே வேறுபாடு பெரிது. பிந்தாங் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் பெய்ய, நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் சித்தியவானில் அதில் ஏறக்குறைய பாதியே பெய்கிறது. ஆனால் ரப்பர் விவசாயத்துக்கு இந்த அளவைவிட முக்கியமானது மழை பெய்யும் வேளை. பால்குழாய்களின் உள்ளழுத்தம் விடியலில் மிகுந்திருப்பதால் மரம் சீவுதல் அதிகாலையில் நடக்கிறது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். பிற்பகலில் பெய்யும் 200 மில்லிமீட்டரும், தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையிலிருந்து பின்னிரவில் வரும் சுமாத்திரா புயற்காற்று மழையின் 200 மில்லிமீட்டரும் மாதக் கணக்கில் ஒன்றாகத் தோன்றினும், சீவுபவரின் வருமானத்தில் ஒன்றல்ல. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து மரம் துளிர்க்கும் வாரங்களில் ஈரம் நீடித்தால் இளந்துளிரைச் சாம்பல்நோய் தாக்குவதால், அக்காலத்துக்கும் தனிக் கணிப்பு வேண்டும்.

மலேசிய வானிலைத் துறையின் நீண்டகால முன்னோக்கு மாத மழையளவைச் சொல்கிறது. அதனுடன், மழையற்ற காலைகள் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்பதற்கான நிகழ்தகவையும் வட்டாரவாரியாகச் சேர்ப்பதே ரப்பர் துறையினர் இனிக் கோர வேண்டியது என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. குளிர்காற்று எழுச்சியைச் சீனப் பெருநிலத்தின் அழுத்த உயர்வைக் கொண்டு சில நாள் முன்னரே அறியலாம். ஒரு குறிப்பிட்ட இடிமழையை மாதக்கணக்கில் முன்னறிய இயலாது என்றாலும், மழையற்ற காலைகளின் எண்ணிக்கையைக் கணிக்க முயல்வது இயலாத காரியமன்று.

அதற்கு ஈப்போ, லுபோக் மெர்பாவ், சித்தியவான் நிலையங்களின் மணிவாரிப் பதிவுகள் முதல் அடிப்படை. இன்னொன்று துண்டாடப்பட்ட பழைய தோட்டங்களில் இருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் மழைமானி அளவு நாள்தோறும் எழுதப்பட்டது, அதே அலுவலகத்தின் செக்ரோல் எனும் வருகைப் பேரேட்டில் வேலை நின்ற நாள்களும் பதிவாயின. ஒருநாள் அளவு மழையின் வேளையைக் காட்டாது, ஆனால் இரண்டையும் ஒப்பிட்டால் காலை மழை எது என்பது பெரும்பாலும் தெரியவரும். அப்பேரேடுகள் கறையானுக்கும் பழைய தாள் வணிகருக்கும் போய்ச்சேருமுன், எஞ்சியவற்றைத் தேடி எண்ணிமப்படுத்தும் பணியை மலேசிய ரப்பர் வாரியமும் வானிலைத் துறையும் கூட்டாக ஏற்க வேண்டும்.