பக் நாயா, ஜாக் ரசலா?

வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்கவேண்டும். பக், ஜாக் ரசல் டெரியர் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. எது வேண்டும் என்றால் பலர் முகத்தைப் பார்த்தே பக் என்பார்கள். நீங்கள் மூக்கைப் பாருங்கள்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும். அதுதான் உடலைக் குளிர்விக்கிறது. தட்டையான முகம் அழகு என்று நினைத்து, மனிதன் பக்கின் மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிவிட்டான். எலும்பு குறைந்த அளவுக்கு உள்ளே இருக்கும் மென்திசு குறையவில்லை. மூச்சுப்பாதை நெருக்கமாகிவிட்டது. நம் ஊர்க் காற்றிலோ ஈரப்பதம் அதிகம். ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். அது குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அது மூச்சுக்கான போராட்டமாக இருக்கலாம்.

ஜாக் ரசலுக்கு நீளமான மூக்கு. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நரி வேட்டைக்காக உருவான இனம். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து நீங்கள் இரவில் திரும்பும்வரை சும்மா படுத்திருக்காது. குரைக்கும், சோபாவைக் கடிக்கும், அண்டைவீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

தினமும் காலையும் மாலையும் அதனுடன் ஓட ஆள் இருந்தால் ஜாக் ரசல் என்பேன். இல்லையென்றால் பக் என்று சொல்லமாட்டேன். இப்போதைக்கு நாயே வேண்டாம். “தாத்தா பார்த்துக்கொள்வார்” என்கிறீர்களா? முதலில் அவருடைய முழங்காலைக் கேளுங்கள்.